பிரேக் ஆயில்: தேவையில்லை

1

கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன், மறைக்க ஒன்றுமில்லை. காரில் பிரேக் ஆயிலை எப்போது, ஏன் மாற்ற வேண்டும் என்று ஒரு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். ஆகவே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை...'

அதோடு நின்றுவிட்டது. என் அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

2

அக்காவுக்கு மலைமேல் உள்ள மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தினமும் காரில் மலை ஏறி இறங்குவாள். ஒருநாள் பின்சீட்டில் மகளும் இருந்தாள். இறக்கத்தில் பத்தாவது வளைவில் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. அடுத்த வளைவில் தரையைத் தொட்டது.

(தொடர்ந்து மிதித்தால் பிரேக் கொதிக்கும். பழைய ஆயிலில் சேர்ந்த நீர் ஆவிக்குமிழியாகும். நாம் மிதிப்பது குமிழியை நசுக்குவதோடு சரி. சக்கரத்துக்குப் போய்ச் சேராது.)

"அம்மா, ஏன் நிறுத்த மாட்டேங்கிற?"

அக்கா கியரைக் குறைத்தாள், கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள், காரை மலைப்பக்கச் சுவரோடு உரசவிட்டாள். கார் நின்றது. மகளுக்குக் காறை எலும்பு முறிந்தது.

3

காரை சர்வீஸ் செய்த பட்டறையின் மேற்பார்வையாளரை வில்லனாக்க மூன்று முறை எழுதிப் பார்த்தேன். இடுங்கிய கண், போலிச் சிரிப்பு, ஒரு... அடித்துவிட்டேன். நிஜத்தில் அவர் எழுந்து நாற்காலி போட்டார்.

"போன மாசம்தானே சர்வீஸ் விட்டோம்! பிரேக்கைப் பாத்தீங்களா இல்லையா? என் பொண்ணு செத்திருப்பா!" அக்காவின் குரலில் பட்டறையே வேலையை நிறுத்தியது.

அவர் கோப்பைத் திறந்தார். "நாலு வருஷமா மாத்தலை மேடம். ஆயில் காப்பி கலர்ல இருந்துச்சு. ரெண்டு சர்வீஸ்லயும் எழுதிக் குடுத்தோம். சார்தான்..."

'பிரேக் ஆயில் முழுவதும் மாற்ற வேண்டும்.' எதிரே, 'தேவையில்லை.' கீழே அத்தானின் கையெழுத்து.

4

"ஆயில் ஃபுல்லா இருந்துச்சு. இருக்கிறதை எதுக்குக் கொட்டணும்? முப்பது வருஷமா வண்டி ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

'நீங்க செஞ்சது சரியா' என்று அக்கா கேட்டதாக எழுதினேன். பொய். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் 'நீ' என்றாள்.

"அந்த ரோட்ல தினமும் இறங்குறது நான். தேவையில்லைன்னு சொல்ல நீ யாரு?"

5

முடிவு ஒன்று: அத்தான் மன்னிப்புக் கேட்கிறார். எழுதக் கை வரவில்லை, அவர் கேட்கவில்லை. எனக்குப் போன் செய்து, "உங்கக்கா சின்ன விஷயத்தை ஊதிப் பெருசாக்குறா, நீயாவது சொல்லு" என்றார்.

முடிவு இரண்டு: அக்கா பெட்டியோடு என் வீட்டு வாசலில்... அதுவும் நடக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். புது ஆயில் ஊற்றி, கார் நேற்று வந்தது. இன்று காலை அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஹாரன் அடித்தாராம். "வா, இனிமே நானே கொண்டுபோய் விடுறேன்."

பிரேக் இப்போது நன்றாகவே பிடிக்கும். அது அக்காவுக்கும் தெரியும். தோளில் பையோடு வாசலில் நின்றபடி என்னை அழைத்தாள்.

"ஏறட்டுமாடி?"

இன்னும் இணைப்பில்தான் இருக்கிறாள். நான் கோபத்தில் இருக்கிறேன். என் வாயிலிருந்து நியாயம் வராது. நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், அவர் மறுபடியும் ஹாரன் அடிக்கிறார்.