தெருவிளக்கில் நீலமான வெள்ளி

நான் பொய் சொல்லவில்லை. இதை இன்னும் எத்தனை பேரிடம்தான் சொல்வது!

வெள்ளியை நானோ துகள்களாக்கி நீரில் மிதக்கவிட்டால் நீர் மஞ்சளாகத் தெரியும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் உருண்டைத் துகள்கள் முக்கோணமாகும், நீர் நீலமாகும். போன வருடம் ஆவடியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்து ஜன்னலோரம் என் குப்பி அப்படித்தான் நீலமானது. கட்டுரையும் வெளிவந்தது. அதைப் படித்துச் செய்து பார்த்த யாருக்கும் நீலம் வரவில்லை. இப்போது எனக்கே வரவில்லை. தண்ணீரை மாற்றினேன், வெள்ளி உப்பை மாற்றினேன், குப்பிகளைக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக் குழு முன்னாடி காட்டு இஃபத். இல்லேன்னா இது போலின்னு நானே கையெழுத்து போடணும்" என்றார் என் வழிகாட்டி சாவித்திரி மேடம். போலி! அந்தச் சொல் ஒட்டிக்கொண்டால் எந்த ஆய்வகம் எனக்குக் கதவைத் திறக்கும்?

அந்த நேரம் பார்த்து பூந்தமல்லியிலிருந்து அம்மா போன் செய்தாள். "துன்னியா? நம்ம தெருவுலயும் மஞ்ச லைட்ட கழட்டிட்டு வெள்ள லைட்டு மாட்டிக்கினு கீறாங்க. கண்ணு கூசுது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கம்பத்தில் புது வெள்ளை விளக்கு. போன வருடம் அங்கே மஞ்சள் சோடியம் விளக்குதான் இரவெல்லாம் எரிந்து என் குப்பியை நீலமாக்கியிருக்கிறது. கட்டுரையில் நான் 'அறை வெளிச்சம்' என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

மேடத்திடம் ஓடிச் சொன்னேன். "தெருவிளக்குக் கதையெல்லாம் அங்க எடுபடாது. குப்பியைக் கொண்டா" என்றார்.

கழற்றிய மஞ்சள் விளக்குகள் பக்கத்துப் பாடியில் ஒரு கடைக்குப் போனதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, மஞ்சள் நீர் நிரப்பிய புதுக் குப்பியோடு அங்கே போனேன். பழைய இரும்புக் கடை ஜுல்ஃபிகர் பாய் தலையைச் சொறிந்தார். "அந்த லைட்டா? எல்லாத்தையும் ஒடச்சி அலுமினியத்த எடுத்துட்டோம் பாப்பா. நம்ம கொட்டாயில மட்டும் ஒண்ணு எரிஞ்சிக்கினு கீது."

அதன் கீழே குப்பியைக் கட்டித் தொங்கவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தால் நீர் பச்சையாகியிருந்தது. நீலம் இல்லை. பச்சையைக் காட்டினால் சிரிப்பார்கள். யா அல்லாஹ், இன்னும் கொஞ்சம் என்று குப்பியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து மணி தாண்டியது. மேடம் அழைத்தபடி இருந்தார். எடுத்து என்ன சொல்வது?

நீலம் வந்ததும் நானே அழைத்தேன். "மேடம், வந்துடுச்சு! வீடியோவுல காட்டுறேன், பாருங்க!"

"எல்லாரும் எழுந்து போயாச்சும்மா" என்றார் மேடம். "நான் கையெழுத்து போட்டுட்டேன்."

ஜுல்ஃபிகர் பாய் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார். "சூப்பரா கீதே! இன்னாத்துக்கு பாப்பா அழுவுறே?"