செவன் கிங்ஸுக்கு நடந்து வந்த நாலு கற்கள்

1984 நவம்பர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, லண்டன் செவன் கிங்ஸில் குகதாசன் குடியிருந்த வீட்டின் பின்வளவுக்கு மூன்று பெருங்கற்கள் நடந்து வந்து சேர்ந்தன. நான்காவது, பாரம் கூடியபடியால், ஒரு கிழமை பிந்தி வந்து மற்ற மூன்றின்மேல் ஏறிக் கூரையாகப் படுத்துக்கொண்டது. அந்தக் கிழமை ஈஸ்ட் ஹாமில் வெண்டிக்காய் இறாத்தல் தொண்ணூறு பென்ஸ். அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒல்லியான வெள்ளைக்காரர் மண்ணைக் கிள்ளி முகர்ந்துவிட்டு விளக்கம் சொன்னார்: பல லட்சம் வருடங்களுக்கு முன் வடக்கிலிருந்து வந்த பனிப்பாறை, மணலையும் கல்லையும் தள்ளிக்கொண்டு பக்கத்து ஹோர்ன்சர்ச் வரை வந்தது, அங்கே சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. அப்படி மணல்மேடுகள் விட்டுப்போன வடதேசங்களில் ஆதிமனிதர் இத்தகைய கற்களை அடுக்கி இறந்தவர்களுக்கு வீடு கட்டினார்கள். இங்கே கட்ட ஆள் வராததால் கற்கள் தாங்களே கட்டிக்கொண்டன போலும். இது கற்திட்டை, புராதனச் சின்னம், அசைக்கக் கூடாது என்று கவுன்சில் கடிதம் போட்டது. வீட்டுக்காரி மரியமலருக்கு ஒரேயொரு முறைப்பாடுதான். "தம்பி, கல்லு நிண்டிட்டுப் போகட்டும். என்ரை உடுப்புக் கொடியை அறுத்துப்போட்டெல்லோ வந்திருக்கு!"

குகதாசனுக்கு அது பகிடியாக இல்லை. ஒரே அறையில் மூன்று பேர் படுத்த காலம். மனைவி வசந்தமலரை யாழ்ப்பாணத்தில் விட்டுவந்து நாலு வருடம். தனி அறை காட்டாமல் மனைவியைக் கூப்பிட முடியாது என்று விசாக் கந்தோர் சொல்லியிருந்தது. அதற்காகவே மரியமலரைக் கெஞ்சிப் பின்வளவில் ஓர் அறை கட்டச் சம்மதம் வாங்கி, எண்ணூறு செங்கல்லும் இறக்கியிருந்தார். அறை வரவேண்டிய இடத்தில், அளவெடுத்ததுபோல, கற்கள் நின்றன. வசந்தமலரின் கடிதம் வந்தது: "எத்தினை வருசமெண்டு ஒரு எண்ணைச் சொல்லுங்கோ. எண்ணிக்கொண்டெண்டாலும் இருப்பன்."

எண் கேட்டால் பேரம் பேசத்தான் வேண்டும். ஊரில் புகையிலைத் தரகு பார்த்தவர் குகதாசன். வாய் திறக்காமல், துவாய்த் துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவதுதான் அந்தத் தொழில். துவாயை விரித்துக் கூரைக்கல்லின்மேல் போட்டு, அடியில் கையை வைத்து, எப்போது எழும்புவாய் என்று கேட்டார். கல் ஐந்து விரலையும் பிடித்து அமத்தியது. புகையிலைக்கு ஒரு விரல் நூறு ரூபாய். கல்லுக்கு ஒரு விரல் ஆயிரம் வருடம் என்பது அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒரு மணித்தியாலம் நிண்டனான் அக்கா. அரை விரல்கூட இறங்குதில்லை."

"அது விக்க வந்ததில்லை, தம்பி" என்றார் மரியமலர், உருளைக்கிழங்கு சீவியபடி. "உம்மைப்போல ஆரையோ பாத்துக்கொண்டு நிக்குது."

கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன பனியின் வரவைத்தான் அவை பார்த்துக்கொண்டு நின்றன. மறுநாள் குகதாசன் தான் வேலை செய்த கடைக்குப் பக்கத்து மீன்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கிவந்து, விளைமீன் மணக்க மணக்க, கூரைக்கல்லில் கொட்டினார். பக்கக் கற்கள் இரண்டும் ஒரு மயிரிழை விலகி நின்றன. பேரம் படிந்து கை கொடுத்தாயிற்று என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆறு வருடம், நாளுக்கு ஒரு பை. மாரியிலும் விடவில்லை, வெளியே உறைபனி கிடந்தாலும் அவைக்கு வேண்டியது ஆராவது கொண்டுவந்து வைக்கும் பனி. 1990இல் உள்ளே ஒன்பதடிக்குப் பதினோரடி இடம் இருந்தது. வாசற்பக்கத்தைச் செங்கல்லால், கல்லில் முட்டாமல், அடைத்துக் கதவு போட்டார். விசாவுக்காக அறையை அளக்க வந்த அதிகாரி சுவரைத் தட்டிப் பார்த்து, எப்போது கட்டியது என்று கேட்டார். "பழைய வீடு" என்றார் குகதாசன். ஈரம் இல்லை என்று எழுதிக்கொண்டு அவர் போனார்.

1991 மார்ச்சில் வசந்தமலர் வந்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒருவரையொருவர் புதுச்சரக்குப்போலச் சுற்றிப் பார்த்தார்கள். தேத்தண்ணி ஆறியது. பின்னேரம் குகதாசன் ஐஸ் பையைத் தூக்கினார்.

"அதுதான் நான் வந்திட்டனே. இனியும் என்னத்துக்கு உது?"

"அவையின்ரை ஆள் இன்னும் வரேல்லையப்பா."

வசந்தமலர் பையை அவர் கையிலிருந்து வாங்கிப்போய், கூரைக்கல்லில் தானே கொட்டிப் பரவிவிட்டார்.

1994 ஆகஸ்டில், லண்டன் முழுக்க வெயில் கொளுத்திய ஒரு புதன்கிழமை, அந்த வளவின் வடக்கு வேலியோரத்தில் மட்டும் பனி கொட்டியது. கரையவில்லை. 1998இல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு பெருவிரல் அகலம் கற்களை நோக்கி நகர்கிறது. மரியமலர் அந்தப் பனிக்குள் மீன் வைத்து எடுக்கிறார். பனிக்கும் கல்லுக்கும் இடையில் அவர் மறுபடி கட்டிய உடுப்புக் கொடி குறுக்கே நின்றது. வசந்தமலர் அதை அவிழ்த்துக் குசினிக்குள், அடுப்புக்கு மேலாகக் கட்டினார்.

"ஏன் பிள்ளை, வெயிலெல்லோ எறிக்குது?"

"பனி வாற பாதையக்கா அது" என்றார் வசந்தமலர், ஈரச்சட்டையை உதறியபடி.