மரகதம் வீட்டுச் சுவர்

"சொந்த வீடுன்னா நிக்கும். வாடகை வீடுன்னா நடக்கத்தான் செய்யும். பீரோவைக் குத்தம் சொல்லி என்ன ஆவப்போவுது?"

தண்ணீர் லாரிக்காக நின்றிருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது மரகதத்தின் காதில் விழுந்தது. அவர்கள் பேசியது துணி பீரோவைப் பற்றி. அது நடந்தால் அடுத்த அறை வரைக்கும் போகும். பின்னாலேயே போய்ப் புடவையை எடுத்துக்கொள்ளலாம். மரகதம் வீட்டில் நடப்பது துப்பாக்கி பீரோ. அது தெருவுக்குப் போய்விடும்.

அவள் கணவர் தனசேகர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வேலூரில் ஒரு வங்கியில் இரவுக் காவல். சொந்தத் துப்பாக்கியும் உரிமமும் இருப்பவர்களுக்குத்தான் அந்த வேலை. பகலில் துப்பாக்கி பீரோவில் இருக்கும், பீரோ சுவரோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமம் போகும், அதன் பின்னாலேயே வேலையும் போகும்.

ஆனால் மாடியில் இருந்த வீட்டுக்காரம்மா பிரேமகுமாரி, முன்பணம் வாங்கும்போதே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். இதற்கு முன் குடியிருந்த வீடுகளிலும் இதே பேச்சுதான். மரகதத்தின் கல்யாணப் படம் எந்த வீட்டிலும் மாட்டப்படாமல், டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பீரோ கிளம்பும். தனசேகர் தூங்குவார். மரகதம் பின்னாலேயே போய் இஸ்திரி வண்டி அருகே அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வருவாள். "இன்னைக்குச் சீக்கிரமே கெளம்பிடுச்சு போலருக்கே" என்பார் இஸ்திரிக்காரர். ஒரு நாள் அரிசி மூட்டையை அதன் மேல் ஏற்றிப் பார்த்தாள். அன்று அரிசியையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை எஸ்.ஐ. வந்து பீரோவைப் பார்ப்பார் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மரகதம் மாடிக்குப் போய், போல்ட் மட்டும் போட்டுக்கொள்கிறோம் என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்கு போல்ட்டும்பே, நாளைக்கு சாமி படம்பே" என்றார் பிரேமகுமாரி. "ஃபேன், டியூப்லைட்டெல்லாம் நீதானே கொண்டாந்து மாட்டிக்கிட்டே? சுவரும் கொண்டாந்துக்கோ. காலி பண்றப்ப மறக்காம எடுத்துட்டுப் போயிடணும்."

அது நியாயமாகத்தான் இருந்தது. கொத்தனார் வந்து, வீட்டுச் சுவர் எதிலும் படாமல், கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார். பீரோவை அதில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். தனசேகர் இரண்டு கையாலும் அசைத்துப் பார்த்துவிட்டுப் படுத்தார். வெகுநாளைக்குப் பிறகு மரகதமும் பகலில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பீரோ சுவரோடு கிளம்பியது. வாசலில் ஒருக்களித்து வெளியேறியது. நிலையில் இடித்ததா என்று மாடியிலிருந்து பிரேமகுமாரி விசாரித்தார். இடிக்கவில்லை.

"என்னங்க, போவுது."

"சுவரோடதானே போவுது" என்று தனசேகர் புரண்டு படுத்தார்.

மரகதம் பின்னாலேயே போனாள். எஸ்.ஐ.யின் பைக் இஸ்திரி வண்டியருகே அதை எதிர்கொண்டது. அவர் இறங்கி, பீரோவைப் பிடித்து இழுத்துக்கொண்டே கூட நடந்தார். சுவரை விட்டு அது இம்மியும் பிரியவில்லை. போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"பீரோ சுவத்துல இருக்கணும். இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். "ரோட்டுல இடது பக்கமாப் போகச் சொல்லும்மா."

பைக் போய்விட்டது. சுவரைத் தள்ளித் திருப்ப மரகதத்துக்குத் தெம்பில்லை. வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கல்யாணப் படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்தாள். கொத்தனார் விட்டுப்போன சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்துக்கொண்டாள். தெருமுனை திரும்புவதற்குள் சுவரை எட்டிப் பிடித்து, அதன் கூடவே நடந்தபடி ஆணியை அடித்து, படத்தை மாட்டினாள்.