ஆறு தாராவும் ஓர் ஓட்டைச் சைலன்சரும்

சிமியோனின் மோட்டார் சைக்கிள் வருகிறதென்றால் கொழும்புத்துறையில் ஒருவரும் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்க்கத் தேவையில்லை. சைலன்சரின் அடியில் பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு மேல் ஒரு மீன் ரின்னை வெட்டித் தட்டி, கட்டுக்கம்பியால் வரிந்து கட்டியிருந்தான். கட்டிய அன்றைக்கே தகரம் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. முதலில் ஓர் உறுமல், பின்னால் ஒரு கிலுகிலுப்பு, இடைக்கிடை ஒரு வெடி. சந்தியில் அது திரும்பும்போதே கடற்கரை வரைக்கும் சேதி போய்விடும்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காலைப் பூசையில், ஆண்டவரின் குரல் புயலிலும் இல்லை நெருப்பிலும் இல்லை, மெல்லிய காற்றில்தான் இருக்கிறது என்று சுவாமியார் பிரசங்கம் சொல்லிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துச் சிமியோன் கோயில் வாசலால் போனான். சுவாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சத்தம் மதிலோடு உரசி, வளைவில் திரும்பி, ஒரு வெடி வெடித்து ஓய்ந்தது.

"சிமியோன் போயிட்டான். இனித் தொடருவம்" என்றார் சுவாமியார், ஒலிவாங்கியில்.

கோயில் முழுவதும் சிரித்தது. பெண்கள் பக்கத்தில் இருந்த யசிந்தா மட்டும் முக்காட்டை நாடி வரைக்கும் இழுத்துவிட்டாள். அவள் சிமியோனின் மனைவி.

"இஞ்சாருங்கோ" என்றாள், வீட்டுக்கு வந்ததும் வராததுமாக. "உங்களுக்குப் பூசைக்கு வர நேரமில்லை. சரி, விட்டிட்டன். ஆனால் வராத ஆள் வராமலே இருக்கவேணும். சத்தத்தை மட்டும் அனுப்பக்கூடாது."

"ஐஸ் ஏத்த வரச் சொன்னவங்கள். ஞாயிற்றுக்கிழமையெண்டு மீன் பழுதாகாமல் கிடக்குமே?"

"அது எனக்குத் தெரியாது. உந்த வண்டியைத் திருத்தும்வரைக்கும் நான் உதிலை ஏறமாட்டன்."

ஏறவும் இல்லை. அடுத்த மூன்று கிழமையும் சந்தைக்கும் கோயிலுக்கும் வெயிலில் நடந்தே போய்வந்தாள். நடப்பதை ஊர் பார்க்கவேண்டும் என்பதற்காக நடுத்தெருவால் நடந்தாள்.

சிமியோனுக்கு மீன் சந்தையில் ஐஸ் சுமக்கிற வேலை. விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் நாலு மணியாகும் வீடு வர. அதற்குள் தோள் மரத்துப்போய், தன்னுடைய தோளா பக்கத்தில் நிற்கிறவனுடைய தோளா என்று தெரியாத நிலைக்கு வந்துவிடும். அங்கே அவனை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இஞ்சை ரண்டு!" என்றால் போவான். "அங்கை நாலு!" என்றால் போவான்.

ஆனால் நாலு மணிக்கு வீட்டில் வேறு மரியாதை.

கார்த்திகை மழையில் சந்தைக்குப் பக்கத்து வடிகாலில் ஒன்பது தாராக்குஞ்சுகள், வாத்துக் குஞ்சுகள்தான், சுழன்றுகொண்டு போயின. எங்கேயிருந்து வந்தவை, தாய் எங்கே, ஒருவருக்கும் தெரியாது. சிமியோன் குப்புறப் படுத்து, ஐஸ் அள்ளுகிற வாளியால் ஒவ்வொன்றாக எடுத்தான். மூன்று அன்றைக்கே செத்துப்போயின. வீட்டில் விட்டால் பூனை பிடிக்கும் என்று, மிச்சம் ஆறையும் மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு ரெஜிபோம் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, மூன்று கிழமை வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். பெட்டிக்கு நேர் கீழே சைலன்சர். சூடு நல்லதுதானே என்று நினைத்தான்.

கால்நடை வைத்தியர் அருந்ததியிடமும் போனான். பாண் பிய்த்துப் போடலாமோ, கடல் தண்ணி குடித்தால் வயிறு கழியுமோ, நனைந்த குஞ்சை வெயிலில் காயப்போடலாமோ என்று கேட்டான்.

"பாண் குடுக்காதேங்கோ. நல்ல தண்ணி எப்பவும் பக்கத்திலை இருக்கட்டும். காயப்போட அது உடுப்பில்லை, ஐயா" என்றார் அவர். பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் மோட்டச்சைக்கிள் ஓடுறனீங்கள்தானே? என்ரை ஸ்கூட்டி காலமையிலை ஸ்டார்ட் வருகுதில்லை" என்றார்.

சிமியோன் வெளியே போய்ப் பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டிப் பூட்டிக் கொடுத்தான். அன்றிலிருந்து தாராவுக்கு ஏதாவதென்றால் அவன் அங்கே போவான். ஸ்கூட்டிக்கு ஏதாவதென்றால் அவர் இவனுக்குப் போன் எடுப்பார்.

வளர்ந்த பிறகு தாராக்கள் பகலெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த கரைக்கடலில் மேய்ந்தன. நாலு மணிக்குச் சிமியோன் சந்தியால் திரும்பினால் ஆறும் கழுத்தை நீட்டிக்கொண்டு, செட்டையை அடித்துக்கொண்டு, கத்திக் குழறிக் கரைக்கு ஓடிவரும். மந்திரி வந்து இறங்கினாற்கூட இப்படி ஒரு வரவேற்பு இருக்காது. சிமியோன் வண்டியை விட்டு இறங்காமல் ஒரு நிமிடம் அப்படியே இருப்பான்.

"பாத்தியே? ஆளைத் தெரியுது" என்பான் யசிந்தாவிடம்.

"உங்களைத் தெரியாத சீவன் உந்தக் கரையிலை ஆர் இருக்கு?" என்பாள் அவள்.

யசிந்தாவின் கால் வெடித்து நொண்டத் தொடங்கியபோதுதான் அவன் இறங்கிவந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை விடிய வண்டியைச் சந்தியடிக் கராச்சில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். கராச் யசிந்தாவின் தம்பி ஜஸ்ரினுடையது. தன் வேலையில் குறை சொன்னால் சோறு தின்னாத ஆள். ஓட்டையை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டி, உள்ளே கரி தட்டி, வெள்ளிப் பூச்சும் அடித்து வைத்திருந்தான்.

பின்னேரம் சிமியோன் வந்து கிக்கரை உதைத்தான். மறுபடியும் உதைத்தான். மூன்றாம் தரமும் உதைத்தான்.

"அத்தான், அது ஓடிக்கொண்டுதான் நிக்குது" என்றான் ஜஸ்ரின்.

சிமியோன் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்தான். உண்மைதான். பக்கத்து வீட்டில் ஆரோ சட்டை தைப்பது போல ஒரு சத்தம். வழியில் ஒரு நாய் நடுத்தெருவில் படுத்தபடியே அவனைப் பார்த்தது, எழும்பவில்லை. ஹோர்ன் அடிக்கப் போனான், ஹோர்ன் வேலை செய்யவில்லை. இவ்வளவு காலமும் அவனுக்கு ஹோர்ன் தேவைப்பட்டதில்லை.

"நீங்கள் வந்தது எனக்கே தெரியேல்லை!" என்று யசிந்தா வாயெல்லாம் பல்லாக வெளியே வந்தாள்.

அவளுக்கு மட்டுமல்ல. கரையில் ஒரு தாராவும் இல்லை. நானூறு முழத்துக்கு அப்பால், வலைத் தடிகளுக்குப் பக்கத்தில், ஆறும் தங்கள் பாட்டில் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன.

சிமியோன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமினான். பிறகு, "பா... பா... பா..." என்று கோழியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டான். ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தது.

கரையில் கவிழ்த்த வள்ளத்தின் மேல் செபமாலை இருந்தார். கடலை விட்டுப் பத்து வருடமாகியும் கடற்கரையை விடாத மனிதர். வடக்கே கறுத்துக்கொண்டு வந்த வானத்தைக் காட்டினார். "வாடை இறுகுது, சிமியோன். இண்டைக்கு ஒருத்தரும் இறங்கவேண்டாமெண்டு அறிவிச்சவை. உந்தக் காத்து இன்னும் ஒரு பிடி பிடிச்சால் உன்ரை பிள்ளையள் அக்கரையிலை, பூநகரியிலை."

"பூநகரியிலை என்ன செய்யும்?"

"என்ன செய்யும்? கறிச்சட்டிக்குள்ளை கிடக்கும்."

சிமியோன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கினான். அவன் பத்து அடி வைத்தால் அவை பத்து அடி தள்ளிப் போயின. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தாராக்கள் இன்னும் சின்னதாகத் தெரிந்தன. துரத்துகிறோம் என்று தெரிந்ததும் திரும்பி வந்தான். கரையில் நின்று, ஈரக் கையால் அருந்ததிக்குப் போன் எடுத்தான்.

"டொக்டர், தாரா ஆளை மறக்குமோ?"

"மறக்காது. வீட்டிலை ஏதும் மாத்தினீங்களோ? கூடு, சாப்பாடு, ஏதும்?"

"ஒண்டும் மாத்தேல்லை. சைலன்சர் மட்டும் திருத்தினது."

"ஐயா, குஞ்சிலை நீங்கள் அதுகளை எங்கை வைச்சு வளத்தனீங்கள்?"

சிமியோன் சொன்னான். சொல்லிக்கொண்டு போகப் போக அவன் குரல் தேய்ந்தது. கடைசியில், "அப்ப அதுகள் இவ்வளவு நாளும்..." என்று தொடங்கி முடிக்காமல் போனை வைத்தான்.

அடுத்ததாக ஜஸ்ரினைக் கூப்பிட்டான். ஐந்து நிமிடத்தில் அவன் உளியும் சுத்தியலுமாக நின்றான்.

"உடை" என்றான் சிமியோன்.

"அத்தான், ஒட்டின சூடே இன்னும் ஆறேல்லை!"

"அதுதான் சொல்லுறன். இளக்கமா இருக்கும். உடை."

"ஒரு மனுசன் முதன்முதலா உங்கடை வண்டிக்கு ஒழுங்கா ஒரு வேலை செய்தால்..."

"டேய், அங்கை பார். அதிலை ஒண்டு வலைத் தடியையும் தாண்டிப் போகுது!"

ஜஸ்ரின் கண்ணை மூடிக்கொண்டு உளியை வைத்து அடித்தான். புதுத் தகட்டில் சின்னதாக ஒரு வாய் திறந்தது. ஸ்டார்ட் பண்ணினார்கள். செபமாலை வள்ளத்தின் மேல் இருந்தபடியே தலையைச் சரித்துக் கேட்டார். இருட்டில் வருகிற வள்ளம் ஆருடையது என்று எஞ்சின் சத்தத்தில் சொல்லுகிற காது அது.

"உது அளவெட்டியிலை ஆரோ புதிசா நாதஸ்வரம் பழகிற சத்தம்" என்றார்.

ஜஸ்ரின் இன்னும் இரண்டு அடி போட்டான்.

"இப்ப புத்தூர்த் தோட்டத்திலை உழுகிற மிசின். இன்னும் திற."

"நான் திறக்கிறன் திறக்கிறன், நாளைக்கு ஆர் பூட்டிறது?" என்று அழாக்குறையாக ஜஸ்ரின் மூன்றாந்தரம் அடித்தான். இந்த முறை வண்டி உறுமியது. யசிந்தா காதைப் பொத்தினாள். தூரத்தில் ஆறு தலையும் ஒரேயடியாக நிமிர்ந்தன. கரையைப் பார்த்தன. ஆனால் வரவில்லை. எங்கேயோ கேட்ட குரல்தான், ஆனால் வீட்டு ஆள்தானோ என்பது போல நின்றன. காற்று அவற்றைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது.

"உறுமல் சரி" என்றார் செபமாலை. "சலங்கை இல்லை. அந்தத் தகரம் எங்கை?"

எல்லோரும் ஜஸ்ரினைப் பார்த்தார்கள்.

"குப்பையிலை போட்டன். குப்பை ரைக்ரர் மத்தியானம் வந்திட்டுப் போயிட்டுது" என்றான் அவன். "அது கறல் பிடிச்ச மீன் ரின், அத்தான்! வைச்சிருக்கிற சாமானே அது?"

சிமியோன் கடலைப் பார்த்தான். யசிந்தா அவன் முகத்தை ஒருதரம் பார்த்தாள். விறுவிறென்று உள்ளே போனாள். திறக்காத மீன் ரின் ஒன்றைத் திறந்து, மீனைச் சட்டியில் கவிழ்த்துவிட்டு, எண்ணெய் வடிய வடிய வெறும் ரின்னோடு வந்தாள்.

"இந்தாங்கோ, கட்டுங்கோ" என்று முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினாள். "வடிவாக் கட்டாதேங்கோ. நீங்கள் கட்டிற மாதிரிக் கட்டுங்கோ."

சிமியோன் கட்டினான். ஜஸ்ரின் ஏறியிருந்து முறுக்கினான். உறுமல், கிலுகிலுப்பு, ஒரு வெடி.

கடலில் ஆறு சீவன்களும் குழறின. செட்டையை அடித்து, பாதி நீந்திப் பாதி பறந்து, எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தன. சிமியோனுக்குத் தாங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

தாராக்கள் அவன் கிட்ட வந்ததும் இரண்டாகப் பிரிந்தன. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. வலைத் தடியைச் சுற்றிப் போவது போல அவனைச் சுற்றிப் போய், கரையேறி, மோட்டார் சைக்கிளை மொய்த்துக்கொண்டன. சிமியோன் விரித்த கையோடு கடலைப் பார்த்தபடி நின்றான்.

"அத்தான், காலைக் கொத்துதுகள்!"

"அணைச்சுப்போடாதை! அப்பிடியே மெல்லக் கூட்டடிக்கு விடு!"

ஜஸ்ரின் நடக்கிற வேகத்தில் முன்னே போனான். பின்னால் ஆறும் வரிசையாகப் போயின. எல்லோருக்கும் பின்னால் சிமியோன் ஈரச் சாரத்தோடு போனான். செபமாலை எழுந்து, ஊர்வலத்தில் திருச்சுருவம் போகும்போது நிற்பது போல நின்று வழிவிட்டார். கூட்டுக் கதவைச் சாத்தும்போது மழை கொட்டியது.

அன்றைக்கு மீன் கறிக்கு முன்னால் சிமியோன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "என்னைப் பாத்துத்தான் வருகுதுகளெண்டு நினைச்சன்" என்றான் கடைசியில்.

"ஆரைப் பாத்தெண்டாலும் வந்துதுகள்தானே. தின்னுங்கோ" என்றாள் யசிந்தா.

காற்று ஓய்ந்து வெயில் வந்த வெள்ளிக்கிழமை, சிமியோன் வண்டியைச் சந்தியில் ஜஸ்ரினிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தான். நாலு மணி. கரைக்குப் போய், தாராக்கள் பார்க்கும்படியாக நடுவில் நின்றான். இருமினான். அங்குமிங்கும் நடந்தான். கடைசியில், பக்கத்தில் ஒருவரும் இல்லையென்று உறுதிப்படுத்திக்கொண்டு, வாயாலேயே மெல்ல உறுமியும் பார்த்தான்.

ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"ஏன் நடந்து வந்தனீங்கள்?" பின்னால் யசிந்தா நின்றாள். எப்போது வந்தாளோ.

"பெற்றோல் முடிஞ்சுபோச்சு."

"ஓமோம்." அவள் செருப்பை மாட்டினாள். "வாங்கோ, போய் எடுத்துக்கொண்டு வருவம்."

"நீ ஏன்?"

"வாங்கோவன்."

சந்தி வரைக்கும் இருவரும் நடந்தார்கள். கராச் வாசலில் யசிந்தா, "ஞாயிற்றுக்கிழமை?" என்றாள்.

"வாறன். நான் கோயிலுக்கு உள்ளை நிண்டால் உது வெளியிலை சும்மாதானே நிக்கும்" என்றான் சிமியோன்.

அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவன் உதைத்தான். வண்டி ஒரே உதையில் ஊரை எழுப்பியது. தெருநாய் எழுந்து ஓடியது.

"என்னைப் பிடி, விழப்போறாய்!" என்று கத்தினான் சிமியோன்.

"காதைப் பொத்திற கையாலை எப்பிடிப் பிடிக்கிறது?" என்று அவளும் கத்தினாள். "மெல்ல ஓடுங்கோ!"

அவன் மெல்ல ஓடினான். அவ்வளவு மெல்ல ஓடியதால், அவர்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்ப முன்னமே ஆறு தாராவும் கடலை விட்டு ஏறி, வேலியைத் தாண்டி, பாதி வழிக்கு வந்து நின்று கத்திக்கொண்டிருந்தன.