வேலாயி கிள்ளிய பாத்தி

கினிகத்தேனைக்குக் கீழே, பொல்பிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. மழையும் புழுக்கமும் முறை வைத்து வரும். வேலிக்கு நட்ட கம்பு தளிர்க்கும்; கழற்றிப்போட்ட செருப்பில் பாசி பிடிக்கும். அங்கே தொரை பங்களாவின் பூந்தோட்டம் மாயாண்டியின் பொறுப்பு. மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டிய காலத்தில் அவன் மண்ணை வெட்டியதைவிடத் தன் காலை வெட்டிக்கொண்டதே அதிகம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா இரக்கப்பட்டுத்தான் இங்கே அனுப்பியிருந்தார்.

தொரசாணி சீமையிலிருந்து வரவழைத்த விதை, காசித்தும்பைக்குச் சித்தி மகள் மாதிரி ஒரு செடி. மரநிழலில் வட்டப் பாத்தி கட்டி அறுபது நட்டிருந்தான். கொழும்புக்குப் போகும்முன் அவள் சொன்னாள்:

"அடுத்த மாசம் விருந்தாளி வரும். பாத்தி நிறைய பூ வேணும். பூ இல்ல, நீ கான் வெட்டு."

செடிகள் ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று வளர்ந்தன. உயரம் அவனுக்குப் பெருமையாக இருந்தது. களைதான் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மலையில் கொழுந்து பறிக்கும் பெண்சாதி வேலாயியைக் களை பிடுங்க உட்கார வைத்துவிட்டு, இலைமண் அள்ளப் போனான்.

திரும்பி வந்தபோது வேலாயி சமையற்கார சூசைரட்ணத்தோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். வாய் பேச, கை தன்பாட்டுக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. அறுபது செடிக்கும் தலையில்லை. எல்லாம் அவள் மடியில் இருந்தன.

"என்ன புள்ள இது?"

அவள் மடியைப் பார்த்தாள். "பழக்கதோசத்துல கை போயிருச்சுங்க."

"ரெண்டு இலையும் ஒரு மொட்டும். சுத்தமான கொழுந்துதான் மாயாண்டி," என்றார் சூசைரட்ணம். "வாடப் போட்டா தேத்தண்ணி வெச்சுருவேன்."

தலைகளைக் குப்பையில் போட்டால் கண்டாக்கு ஐயா கண்ணில் படும். சூசைரட்ணம் சமைக்கும் குசினிக்குப் பின்னால், நிழலில், இலைமண்ணில் அத்தனையையும் புதைத்தான். அவசரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கான் மண்வெட்டியை மட்டும் எடுத்துத் தீட்டி வைத்தான்.

பத்தாம் நாள் பாத்தியைக் குனிந்து பார்த்தான். வெட்டுப்பட்ட ஒவ்வொரு தண்டிலும் நாலைந்து கிளை. குசினிப் பின்னால் புதைத்தவையும் வேர் பிடித்து, இலை விரித்து நின்றன. அவற்றைப் பெயர்த்து வந்து இடைவெளியில் நட்டான். விருந்து நாளில் பாத்தியில் மண் தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையுமாகப் பாய் விரித்தமாதிரி கிடந்தது.

விருந்தாளிச் சீமாட்டிகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தொரசாணி அவனைக் கூப்பிட்டாள்.

"எப்படி செஞ்சது, மாயாண்டி?"

சொல்ல அவனிடம் அருமையான பொய் ஒன்று தயாராக இருந்தது. மூன்று நாளாக லயத்து வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. எதிரே மலைச்சரிவில் பெண்கள் கூடையோடு நிரையில் நின்றார்கள். அதில் எந்தப் புள்ளி வேலாயி என்று அவனுக்குத் தெரியும்.

"நான் செய்யலீங்க. என் சம்சாரம் தலையெல்லாம் கிள்ளிப்புட்டா. நான் பயந்துபோயி ஒளிச்சு வெச்சேன். அதுவும் மொளைச்சிருச்சுங்க."

தொரசாணி சிரித்து முடிக்க நேரமாயிற்று.

அன்று மாலை வேலாயி லயத்து வாசலிலேயே நின்றாள். "வேல இருக்குதுங்களா?"

"இருக்கு. திங்கக்கெழமையிலருந்து நீயும் பங்களாவுக்கு வரணுமாம். கிள்ளுறது நீ, தண்ணி ஊத்துறது நான்."

"யாரு சொல்றத யாரு கேக்கணுமாம்?"

"அத தொரசாணி சொல்லல," என்றான் மாயாண்டி. "தெரிஞ்சதுதானேன்னு விட்டுட்டாங்க போல."