வராத அழைப்பு

அந்த ஜீப் செயலியைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தத் தனபால் முன்கோபி என்று எங்கள் மலையில் தேவனூர் நாடே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மலைக்குக் கீழேயிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். போனில் பொத்தானை அழுத்தினால் போதுமாம், பக்கத்தில் இருக்கும் ஜீப் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்து நிற்குமாம். வந்த அழைப்புக்கு அரை மணிக்குள் ஜீப் போய்விட்டால் அதுதான் வெற்றி என்று, கோகிலா என்ற பெண் லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினாள். எல்லாரும் தலையாட்டினோம்.

என் மனைவி பரிமளாவுக்கு அப்போது நிறைமாதம். அவள் ஒருத்திதான் கேட்டாள்.

"ஏனுங்க, அழுத்தியும் அழைப்பே போகலீன்னா என்னங்க பண்றது?"

நல்ல காரியம் தொடங்கும்போது நிறைமாதக்காரி வாயில் இப்படியா வருவது என்று ஊர்க்கவுண்டர் சின்னான் கடிந்துகொண்டார். அதெல்லாம் ஆகாது அக்கா என்று கோகிலாவும் சிரித்துச் சமாளித்தாள். சூடம் ஏற்றினார்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மழைக்காலத்தில் அவசரத்துக்கென்று ஊர்ப்பொதுவில் நிறுத்தி வைக்கும் அர்த்தனாரியின் ஜீப் இனி எதற்கு என்றும் முடிவு செய்துவிட்டார்கள். அவன் பக்கத்துப் பெரிய ஊரான செம்மேட்டுக்கு வாடகை ஓட்டப் போய்விட்டான்.

ஐப்பசி மழையில் கரண்ட் போய், செல்போன் டவரும் படுத்துவிட்ட ஒரு மத்தியானம் பரிமளாவுக்கு வலி எடுத்தது. அழுத்தினேன். பாழாய்ப்போன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி அழுத்தினேன். பிறகு அவளைப் பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம் விட்டுவிட்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி பைக்கில் செம்மேட்டுக்குப் போனேன். அர்த்தனாரியை இழுத்துக்கொண்டு திரும்புவதற்குள் குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. அழவே இல்லை.

தீட்டுக் கழிந்ததும் செம்மேட்டில் செயலி எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கூட்டம் வைத்தார்கள். வர வேண்டாம் என்று சொல்லியும் பரிமளா கேட்கவில்லை. வந்த அழைப்புக்கெல்லாம் அரை மணிக்குள் ஜீப் போயிருக்கிறது, முழு வெற்றி என்று கோகிலா சொன்னாள். கைதட்டினார்கள். நான் எழுந்து, எங்கள் அழைப்பு எங்கே என்று கத்திவிட்டேன். அவள் பதறிப்போய்த் தேடிப் பார்த்தாள்.

"அன்னைக்கு உங்க ஊர்ல இருந்து அழைப்பே வரலீங்கண்ணா."

என் குழந்தை செத்தது அவர்கள் கணக்கில் தோல்விகூட இல்லை. நாற்காலியைத் தூக்கி அடித்திருப்பேன். பரிமளா என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டுக் கேக்கக் கூடாதுன்னீங்க. இப்ப இல்லீங்க. இப்பக் கேக்கலாமுங்களா?"

கவுண்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோகிலா அழுதாள். அழட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

திரும்பும்போது பஸ்ஸில், பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்றாள் பரிமளா. ரவிக்கை நனைந்திருந்தது. என் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டே ஊர்வரை வந்தாள்.