பால் பொங்க வேண்டிய நேரம்

செரோனோவுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கென்யாவிலிருந்து எங்கள் அடையாறு பள்ளிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவள் அவள். நான் ஆபீஸ் மேனேஜர் என்பதால் அவளைக் குடிவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. தேனாம்பேட்டையிலும் தி.நகரிலும் ஏறி இறங்கினோம். போனில் சரி என்றவர்களெல்லாம் அவளை நேரில் பார்த்ததும், "வீடு நேத்தே போயிடுச்சே சார்" என்றார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அதுவரை பள்ளியின் விருந்தினர் அறையில் இருந்தாள். அதற்கு நேர் கீழே கேன்டீன். விடிவதற்கு முன்பே கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும். தூக்கமில்லாமல் கண் சிவந்து வந்து ஒருநாள் சொல்லிவிட்டாள், இந்த வாரத்துக்குள் வீடு கிடைக்காவிட்டால் ஊருக்கே திரும்பிவிடுவதாக. பிரின்சிபால் என்னைத்தான் முறைத்தார். அவள் வந்த பிறகுதான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு வகுப்பில் வாயைத் திறந்து சந்தேகம் கேட்கிறார்கள். அவளை விட்டுவிட முடியாது.

கடைசியில் மயிலாப்பூரில் கோமளம் மாமி ஒப்புக்கொண்டார். மாடி போர்ஷன் காலியாக இருந்தது.

"ஆத்துல கறி, மீன் சமைக்கப்படாது. மத்தபடி யாரா இருந்தா நேக்கென்ன?" என்றார்.

அப்பாடா என்று சாவியைக் கேட்டேன்.

"ஆடி பொறக்கப் போறதே. ஆவணில வரச் சொல்லுங்கோ."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதே. மாமியிடம் கெஞ்சினேன், ஒரு மாதம் அவள் தாங்க மாட்டாள் என்றேன். அரை மணி கெஞ்சலுக்குப் பிறகு மாமி வழி சொன்னார். ஆடி பிறப்பதற்கு முன்னால் பால் காய்ச்சிவிட்டால் போதும், அப்புறம் எப்போது வேண்டுமானாலும் குடிவரலாமாம். புதன்கிழமை காலையில் நல்ல நேரம் இருந்தது.

செரோனோவிடம் ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த மாதத்துக்கு என்ன குறை என்று கேட்டாள். தெரியாது என்றேன். பால் எதற்கு என்றாள். அதுவும் தெரியாது என்றேன். தெரியாமலே செய்வீர்களா என்றாள். செய்வோம், நீங்களும் செய்யுங்கள் என்றேன்.

புதன்கிழமை புதுப் பாத்திரமும் பால் பாக்கெட்டுமாக வந்தாள். அடுப்பில் வைத்தாள். மாமி கைகூப்பி நின்றார். பால் எந்தப் பக்கம் பொங்கி வழிகிறது என்று பார்க்க நானும் எட்டிப் பார்த்தேன். நுரை விளிம்பைத் தொட்டதுதான் தாமதம், செரோனோ பாய்ந்து அடுப்பை அணைத்து, நுரையை ஊதி அடக்கினாள். நல்ல வேளை என்பதுபோல எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

மாமி முகம் சுண்டிவிட்டது.

"பொங்கி வழியணும்னு சொல்லலையா ஜவஹர்?"

சொல்லவில்லைதான். பால் காய்ச்சினால் பொங்கும் என்பதை யாராவது யாருக்காவது சொல்வார்களா? இப்போது சொன்னேன். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். மறுபடி நுரை ஏறியது. மறுபடியும் அணைத்துவிட்டாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்களுக்கு வீடு வேண்டுமா வேண்டாமா என்று கத்தினேன். வேண்டும் என்றாள், ஆனால் என்னால் முடியவில்லை. பால் பொங்கி நெருப்பில் விழுந்தால் அதைக் கொடுத்த மாட்டின் மடி வற்றிவிடும், சிறுவயதில் ஒருமுறை அப்படி விட்டதற்கு அம்மா என்னோடு நாள் முழுக்கப் பேசவில்லை என்றாள்.

இது பாக்கெட் பால், எந்த மாடு என்று யாருக்குத் தெரியும் என்றேன். அப்படியென்றால் எல்லா மாட்டுக்கும்தான் என்றாள். கணக்கு டீச்சர்!

"என்ன சொல்றா?" என்றார் மாமி.

வீடு கைவிட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டே தமிழில் சொன்னேன். மாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் பசுவுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறவர் அவர்.

"நெருப்புல விழப்படாது, அவ்வளவுதானே?" என்று கீழே இறங்கிப் போனார். அகலமான இரும்பு வாணலி ஒன்றோடு வந்தார். வாணலியை அடுப்பில் வைத்து அதற்குள் பால் பாத்திரத்தை வைத்தார். வெகு நேரம் ஆனது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் பாலைப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் பொங்கிக் கிழக்கே வழிந்து வாணலியில் நின்றது. ஒரு சொட்டுகூட நெருப்பில் விழவில்லை. செரோனோ மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு வாய் பால்கூடக் கொடுக்காமல் இரண்டு பேரும் சைகையிலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய சாமான்களை ஏற்ற டெம்போவோடு பள்ளி வாசலில் நின்றேன். வழியெல்லாம் மெட்ரோ பள்ளம், டெம்போ வரவே பத்தரை தாண்டிவிட்டது. செரோனோ பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஏறுங்கள் என்றேன்.

"ராகுகாலம்" என்றாள், சுத்தமான தமிழில். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வர வேண்டும் என்று மாமி வீடியோ காலில் கடிகாரத்தைக் காட்டிச் சொல்லியிருக்கிறாராம்.

"இன்னா சார், ஏத்தலாமா வேணாவா? எனக்கு அடுத்த சவாரி கீது" என்று டெம்போக்காரர் ஹார்ன் அடித்தார்.

செரோனோ அசையவில்லை. வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் ஊருக்குப் போகும் எண்ணமே இல்லை. எனக்குத்தான் எங்காவது போய்விடலாம் போலிருந்தது.